ஜப்பான்காரருக்குச் சோறு வைக்காத வழக்கு

விமர்சனம் எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளே, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைபேசியில் நட்சத்திரம் போட்டுவிடுகிறீர்கள் என்று உங்களைத் திட்டுவதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தால், ஆள் மாறிவிட்டது. நாங்கள் மட்டும் என்ன யோக்கியமா? இடைவேளையில் போண்டா தின்னப் போனவர், அப்படியே பஸ் ஏறி ஆபீஸுக்குப் போய் ‘இரண்டாம் பாதி தொய்வு’ என்று எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு விருதும் கொடுத்தார்கள்.

ஒளி, நிழல், கேமரா கோணம் பற்றியும் பேசப்போவதில்லை. அதற்கெல்லாம் காணொளி கிடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதப்போகும் நாலு வரியால் ஒரு மனிதருக்கு வேலை போகப்போகிறது என்று தெரிகிறது. ஆபீஸிலிருந்து ‘கட்டுரை எங்கே’ என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. அப்போது என்ன செய்வீர்கள்? எனக்கு அந்தச் சங்கடம் ஒரு ஜப்பான் படத்தால் வந்தது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நடந்தது என்பதால் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

மதுரையில் அச்சாகும் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு இணைப்பில் நான் சினிமா பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பக்கத்து ராஜபாளையத்தில் ஒரு திரைப்படக் கழகம் இருந்தது. அதில் பாதிப் பேர் ராஜபாளையத்து மில்காரர்கள், மீதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்காரர்கள். மற்ற ஊர்க் கழகங்களில் படம் முடிந்ததும் கலந்துரையாடல் நடக்கும். எங்கள் கழகத்தில் விசாரணை நடக்கும். கதையில் வருகிற யாராவது ஒருவரைக் கூண்டில் ஏற்றி, வக்கீல்கள் வாதாடி, பார்வையாளர்கள் சாட்சி சொல்லி, கடைசியில் தீர்ப்பும் வாசித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். பிரெஞ்சுப் படத்து நாயகி ஒருத்திக்கு ஜீவனாம்சமே வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், அந்த அம்மாவுக்கு இன்று வரை தெரியாது.

தீர்ப்புச் சொல்வது எப்போதும் அண்ணாச்சிதான். ராஜபாளையத்தில் நூல் மில் வைத்திருந்தார். தன்னுடைய கல்யாண மண்டபத்தை, முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கழகத்துக்குச் சும்மா கொடுத்தார். சும்மா கொடுத்தவருக்கு மேடையில் ஒரு நாற்காலி போட்டு நீதிபதி ஆக்கிவிட்டோம். நல்ல மனுஷர்தான், கஷ்டம் என்று போனால் கையை விரிக்க மாட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்டுச் செய்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

கழகத்தின் செயலாளர் பால்ராஜ், அண்ணாச்சியின் மில்லிலேயே ஆபீஸ் மேனேஜர். படத்தைத் தேடிப் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, நாற்காலி போடுவது எல்லாம் அவர் தலையில். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஜப்பான் படம் வந்தபோது பால்ராஜ் ஒரு காரியம் செய்தார். படத்தைப் பற்றி வந்த குறிப்பில் ‘குடும்பக் கதை’ என்று போட்டிருந்ததைப் பார்த்தார். அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை. ‘குடும்பத்தோடு கண்டு மகிழ ஒரு ஜப்பானியக் குடும்பச் சித்திரம், அனைவரும் வருக’ என்று நோட்டீஸ் அடித்து ரெண்டு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டிவிட்டார். மாமியார், மருமகள், கைப்பிள்ளை, தூக்குவாளி நிறைய முறுக்கு என்று மண்டபம் நிரம்பிவிட்டது. அண்ணாச்சியின் மனைவி ரங்கநாயகி மதினிகூட அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தார். படம் பார்க்க வராவிட்டாலும் என் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவர். என்னைப் பார்த்ததும், “ஏம்மா, அழுகாச்சிப் படமா? கைலேஞ்சி கொண்டாரலையே” என்றார்.

படம் இதுதான். ஜப்பானில் ஒரு சின்ன ஊர். அப்பா, அம்மா, மகன், மகள். அப்பா வேலை முடிந்து வருகிறார், கை கழுவுகிறார், சாப்பிட வருகிறார். மேசையில் மூன்று கிண்ணம்தான் இருக்கிறது. மற்ற மூவரும் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் கோபம் இல்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய துணியைத் துவைக்கிறார்கள், படுக்கையை விரிக்கிறார்கள், மழை என்றால் குடை எடுத்துக் கொடுக்கிறார்கள். சோறு மட்டும் இல்லை. மறுநாளும் அப்படியே. அவர் அடுக்களை அலமாரியை உருட்டித் தன் கிண்ணத்தைத் தேடுகிறார். கடைக்குப் போய்ப் புதுக் கிண்ணம் வாங்கி வந்து வைக்கிறார். மறுநாள் பார்த்தால் அதில் பூச்செடி நட்டிருக்கிறது. ஏன் இப்படி என்று கடைசி வரை யாரும் சொல்வதில்லை. முடிவில் மகள் அவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், உட்காரவில்லை. அவ்வளவுதான் படம்.

விளக்கைப் போட்டபோது யாரும் கை தட்டவில்லை. முறுக்குக் கடிக்கிற சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. பின் வரிசையிலிருந்து ஒருவர், “ஏலே பால்ராசு, இதுவாலே குடும்பப் படம்? இனிமே வீட்டுல போயி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சோறு கேப்பேன்?” என்று கத்தினார். சிரிப்பு வந்தது, ஆனால் எல்லோருக்கும் வரவில்லை.

விசாரணை ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஒருவர் அப்பாவுக்காக ஆஜரானார். “கனம் நீதிபதி அவர்களே! நோட்டீஸ் இல்ல, விளக்கம் கேக்கல, ஒரு குடும்பத் தலைவரோட சாப்பாட்ட நிறுத்தியிருக்காங்க. சஸ்பெண்ட் ஆன ஆளுக்கே பாதிச் சம்பளம் உண்டு. இவருக்கு நீச்சத்தண்ணி கூட இல்ல!” என்று கையை வீசினார். ஆண்கள் பக்கம் விசில்.

“அப்ப அவன் என்ன குத்தம் பண்ணான்? ஒண்ணும் பண்ணாமலா ஒருத்தி சோத்த நிறுத்துவா?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு குற்றம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். குடிச்சிட்டு வந்திருப்பான். அவ அம்மா செத்ததுக்கு லேட்டா வந்திருப்பான். சமைச்சதுல நொட்டை சொல்லியிருப்பான். ஜப்பான்காரரின் குற்றம் ஒவ்வொன்றும் ராஜபாளையத்தில் ஏதோ ஒரு தெருவில் நடந்ததாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். இந்த மாதிரி ஒரு வரவேற்பு அந்த இயக்குநருக்கு எந்த விழாவிலும் கிடைத்திருக்காது.

அப்போது வத்திராயிருப்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். ஊருக்குப் புதுசு, யாரையும் தெரியாது. “பெத்த மகளுக்கு மாப்பிள்ள பேசி முடிச்சிருப்பான். பெத்தவள ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டான். பத்திரிக அடிச்சு வந்த பொறவுதான் அவளுக்கே தெரிஞ்சிருக்கும்” என்றார்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம் அப்படித்தான் நடந்தது என்று அங்கே இருந்த முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். மதினி முந்தானையைச் சரிசெய்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து, “படம் குப்ப. அந்த ஆளு நிரபராதி. அந்தம்மா செஞ்சது தப்பு, நாளையிலருந்து ஒழுங்காச் சோறு வைக்கணும். கோர்ட் கலைஞ்சிருச்சு” என்று ஒரே மூச்சில் தீர்ப்பு வாசித்தார். டீ கூட வரவில்லை. மதினி அவருடைய காருக்காகக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி அண்ணாச்சி சாப்பிட வந்தபோது தட்டு இல்லை.

எனக்கு இது தெரிந்தது புதன்கிழமை காலையில், பால்ராஜ் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது. முகம் தொங்கிப்போயிருந்தது.

“அக்கா, முதலாளி வீட்டுல மூணு நாளாச் சோறு இல்ல.”

“ஏன், அரிசி தீந்துபோச்சா?”

“வெளையாடாதிய. அந்தப் படத்துல மாதிரியே. சட்டை துவைக்காக, காப்பி குடுக்காக, தட்டு மட்டும் இல்ல.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பால்ராஜ் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “படத்தக் கொண்டாந்தவன் நான்தானாம். ஞாயித்துக்கிழம பேப்பர்ல நீங்க, படம் குப்ப, அந்தம்மா செஞ்சது தப்புன்னு எழுதணுமாம். வரலைன்னா திங்கக்கிழம மில்லுக்குள்ள வராதன்னுட்டாரு. இந்த வயசுல எந்த மில்லுலக்கா என்னைய எடுப்பான்? பிள்ளைக்கு இன்னும் படிப்பு முடியல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரித்தது வெட்கமாகப் போய்விட்டது. நான் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்னத்தைப் பார்ப்பது என்று எனக்கே தெரியாது.

மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். சென்னையில் ஒருவர் ‘பின்நவீன ஆணின் இருத்தலியல் பசி’ என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். மூன்று நாளாக நிஜமாகவே பசியோடு அலைகிற ஒருவரை அவரிடம் அனுப்பிவைக்கலாமா என்று தோன்றியது. இன்னொருவருக்கு அம்மாதான் அரசாங்கம், கிண்ணம்தான் ஓய்வூதியம். ஒரு தம்பி, ‘அப்பாவுக்கு பிளாஷ்பேக் வைக்கவில்லை, இரண்டு நட்சத்திரம்’ என்று முடித்துவிட்டான். அவர்களில் அவனைத்தான் எனக்குப் பிடித்தது. தனக்கு என்ன வேண்டும் என்றாவது நேராகச் சொன்னான்.

மதியம் காபித்தூள் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். பின்னால் இருக்கும் மெஸ்ஸில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட அந்தச் சட்டையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

“என்ன அண்ணாச்சி, இம்புட்டுத் தூரம்?”

“கோர்ட்டுல ஒரு வேல.”

அன்றைக்கு அரசு விடுமுறை. கோர்ட்டு வாசலில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அவரே ஆரம்பித்தார். “பால்ராஜ் சொன்னானா? எழுதிரும்மா. எம்பேச்சு அவளுக்கு ஏறாது. ஓம் எழுத்துன்னா வரி விடாமப் படிப்பா.”

“பால்ராஜ எதுக்கு இதுல இழுக்கிய?”

“அவன்தான வீட்டுக்குள்ள பாம்ப விட்டவன்?”

“சரி, மதினி ஏன் தட்டு வைக்கலன்னு கேட்டியளா?”

சாம்பார் ஊற்ற வந்த ஆளைக் கையைக் காட்டி நிறுத்தினார். “நான் எதுக்குக் கேக்கணும்? வைக்காதவதான சொல்லணும்?”

“மூணு நாளா ஒண்ணுமே கேக்கலையா?”

“தட்டு எங்க இருக்குன்னு கேட்டேன்.”

“மதினிகிட்டயா?”

“சமையக்காரம்மாகிட்ட.”

நான் காபித்தூளை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். விமர்சனத்துக்காகக் கழகம் கொடுத்திருந்த பிரதியைப் போட்டு, படத்தை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். அந்த ஜப்பான்காரர் அலமாரியைத் திறக்கிறார், கடைக்காரரிடம் பேசுகிறார், அலுவலக நண்பரிடம் புலம்புகிறார், டாக்டரிடம்கூடப் போகிறார். மனைவியிடம் மட்டும் ‘ஏன்?’ என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அடப்பாவி! மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து அவனுடைய குற்றத்தைத் தேடினோம். சென்னையில் ஆட்கள் தத்துவம் தேடினார்கள். கண் எதிரில் இருந்ததை நானும் முதல் தடவை கோட்டை விட்டுவிட்டேன். ஜப்பானில் எடுத்த படத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மெஸ்ஸும் ஒரு வாளிச் சாம்பாரும் தேவைப்பட்டது.

உட்கார்ந்து எழுதினேன். பிரமாதமாக வந்தது. நடுவில் ஒரு வரி: ‘இவருக்கு ஒரு தம்பி இருக்கிறார், நம் பக்கத்து பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.’ எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஆசிரியர் இதைத் தலைப்பாகவே போட்டிருப்பார். ரெண்டு ஊரும் ஒரு மாசத்துக்குச் சிரித்திருக்கும்.

போனில் பால்ராஜிடம், அண்ணாச்சி கேட்டபடி என்னால் எழுத முடியாது என்று சொன்னேன்.

“ஒங்களுக்கென்னக்கா, நேர்மையா எழுதிட்டாகன்னு பேரு வாங்கிட்டுப் போயிருவிய. ஒரே ஒரு வாரம் பொய் எழுதுனா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போயிரும்? எனக்குச் சோறுல்ல போகுது?”

அவர் கேட்டது நியாயம்தான். பெரிய கொள்கை வசனம் எதுவும் வாயில் வரவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் பொய் எழுதினால் அதை வரி விடாமல் படிக்கப்போகிறவர் மதினி. வீட்டுக்காரர் காது கொடுக்கவில்லை, மண்டபத்தில் தீர்ப்பு எதிராகப் போய்விட்டது, கடைசியில் பேப்பரும் ‘வாயை மூடிக்கொண்டு தட்டை வை’ என்று சொன்னதாக ஆகிவிடும். அதை என்னால் செய்ய முடியவில்லை. பால்ராஜிடம் அதைச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மெஸ் வரியை நான் அடித்து நீக்கினேன். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வரி படத்தைப் பற்றியது அல்ல, மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் மேல் கல் எறிவது. அதைப் படித்தால் அண்ணாச்சி அந்த இடத்திலேயே பேப்பரைக் கிழித்துப் போடுவார். பால்ராஜுக்கும் பிரயோஜனம் இல்லை, மதினிக்கும் இல்லை. அண்ணாச்சி கடைசி வரிவரை படித்தாக வேண்டும். அதனால் குப்பை என்றும் எழுதவில்லை, காவியம் என்றும் எழுதவில்லை. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பும் சொல்லவில்லை. அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில், ‘இவர் எல்லோரிடமும் பேசுகிறார். மனைவியிடம் மட்டும் ஏன் என்று கேட்கவே இல்லை’ என்று எழுதி நிறுத்திவிட்டேன். ஆசிரியர் போனில், “என்னம்மா, இந்த வாரம் உப்புக் கம்மியா இருக்கே” என்றார். ஊருக்கு ரத்தக் கொதிப்பு என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தது. யாரிடமிருந்தும் போன் இல்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திங்கட்கிழமை பால்ராஜ், மேசையில் கிடக்கும் தன் சாமான்களை அள்ளிவர ஒரு பையை எடுத்துக்கொண்டே மில்லுக்குப் போயிருக்கிறார். அண்ணாச்சி முன்னால் பேப்பர் விரித்துக் கிடந்திருக்கிறது.

“ஏம்ப்பா, நெசமாவே அவன் கேக்கலையா?”

“கேக்கல முதலாளி.”

“படம் பூராவுமா?”

“பூராவும்.”

“நான் பாத்தப்ப கேட்ட மாதிரி இருந்துச்சே. மண்டபத்தத் தொறந்து போடு.”

இருநூறு நாற்காலி போடுகிற மண்டபத்தில் ஒரே ஒரு நாற்காலி. அண்ணாச்சி படம் பார்த்தார். பால்ராஜ் பின்னால் நின்றார். அந்த மனிதர் புதுக் கிண்ணம் வாங்கக் கடைக்குப் போகிற இடத்தில் அண்ணாச்சி, “கடைக்கு ஏன்டா போற? அவட்டக் கேளுடா!” என்று திரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அப்புறம் சட்டென்று எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். பால்ராஜ் எனக்குப் போன் பண்ணி, “அக்கா, எனக்கு வேல இருக்கா இல்லையான்னே சொல்லாமப் போயிட்டாரு. நான் படத்த நிப்பாட்டவா, ஓட்டவா?” என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பால்ராஜின் மேசைப் பக்கமாகப் போன அண்ணாச்சி, “அடுத்து என்ன படம்ப்பா?” என்று கேட்டுவிட்டு நடந்திருக்கிறார். பால்ராஜ் பையை மடித்து டிராயரில் வைத்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் மதினி எனக்குப் போன் பண்ணினார்.

“இந்தாம்மா, அவிய நேத்து மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டாக. அடுக்களை வாசல்ல நின்னு, ‘ஏன்?’னாக. அம்புட்டுதான். நான் ஒலை வச்சு அரிசி போட்டுருந்தேன். ‘உக்காருங்க, சொல்ல நேரமாவும்’னேன். அங்கனயே முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாக. மக கல்யாணத்துல ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடிக்குப் போனேன், அதுக்கும் முன்னாடிக்குப் போனேன். எம்புட்டு இருந்திருக்குன்னு எனக்கே தெரியல. சோறு அடிப்பிடிச்சு வாசன வந்துச்சு. எந்திரிச்சு அடுப்ப அணைக்கப் போனேன்.”

மதினி மூக்கைச் சிந்திவிட்டு மீண்டும் போனுக்கு வந்தார்.

“‘அது தீஞ்சாத் தீஞ்சுட்டுப் போகுது, நீ சொல்லு’ன்னாக.”